‘கிராஸ் பிரஷர்’: குறுக்கழுத்தமா, முரணிழுப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வாக்களிப்பு நடத்தை குறித்த நம் கலைச்சொற்பட்டியலில், ஒருவர் சார்ந்துள்ள குழுக்கள் அவரை வெவ்வேறு அரசியல் திசைகளில் இழுக்கும் நிலையைக் குறிக்கும் ‘கிராஸ் பிரஷர்’ (cross-pressure) என்பதற்குக் ‘குறுக்கழுத்தம்’ முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. குறுக்குவழி, குறுக்குப்புத்தி என்ற வழக்குகளால் முற்பாதியில் ஒட்டிக்கொள்ளும் கோணல் பொருளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் ‘அழுத்தம்’ என்னும் பிற்பாதியில்தான் இருக்கிறது.

இக்கருத்து வாக்காளர் ஆய்வில் வேரூன்றியது, ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய 1940ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில். ஒஹையோ மாநிலத்து ஈரி கவுண்டியில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்துப் பேசினர். செல்வநிலை, சமயம், வாழிடம் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டியவர்கள் விரைவில் முடிவெடுத்துவிட்டனர். வசதியுள்ள நாட்டுப்புறப் புராட்டஸ்டண்டுகள் குடியரசுக் கட்சிப் பக்கமும், ஏழை நகர்ப்புறக் கத்தோலிக்கர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும் சாய்ந்தனர். வசதி படைத்த கத்தோலிக்கரின் நிலை வேறு. செல்வம் ஒரு பக்கமும் சமயம் மறு பக்கமும் இழுக்க, இத்தகையோர் முடிவைத் தள்ளிப்போட்டனர். தேர்தலின் மீதான அக்கறையும் இவர்களிடம் குன்றியிருந்தது.

இதற்கு நேர்மாறாக, 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த கள ஆய்வு ஒன்றில், முந்தைய தேர்தல்களில் இன்னார் வாக்களித்தார், இன்னார் வாக்களிக்கவில்லை என்று அண்டை வீட்டாரின் விவரத்தையும் சேர்த்து அச்சிட்ட கடிதங்கள் அனுப்பப்பட்டன. யாருக்கு வாக்களித்தார் என்பது அதில் இல்லை. போனாரா, இல்லையா என்பது மட்டுமே. கடிதம் பெறாதோரில் 29.7 விழுக்காட்டினர் வாக்களிக்க, பெற்றோரில் 37.8 விழுக்காட்டினர் வாக்களித்தனர். இதைச் ‘சமூக அழுத்தம்’ என்றே நம் பட்டியலில் ஏற்கெனவே ஏற்றிருக்கிறோம். வாக்குச்சாவடிக்குத் தள்ளுவதும் அழுத்தம், அங்கே போகும் ஆர்வத்தைக் குறைப்பதும் அழுத்தம் என்றால், படிக்கும் மாணவர் இரண்டாவதை முதலாவதன் ஒரு வகை என்றுதான் கருதுவார்.

‘இழுபறி’ என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு; ஆனால் வாக்கு எண்ணிக்கை நாளில் தொலைக்காட்சிகள் அதை வேறு பொருளில் தேய்த்துத் தீர்த்துவிட்டன. பல பக்க இழுப்பு என்ற பொருளில் ‘பல்லிழுப்பு’ என்று எழுதினால் பல் மருத்துவர்தான் நினைவுக்கு வருவார். ‘தடுமாற்றம்’ விளைவைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. ஆகவே ‘முரணிழுப்பு’ என்பதை முன்வைக்கிறேன். பிறந்த வீட்டார் உதயசூரியனுக்கும் புகுந்த வீட்டார் இரட்டை இலைக்கும் வழிவழியாக வாக்களித்துவரும் பெண்ணை ‘முரணிழுப்புக்கு உள்ளான வாக்காளர்’ என்று எளிதாகக் குறிக்கலாம். இழுப்பு என்றால் மூச்சிரைப்பும் வலிப்பும் நினைவுக்கு வருமே என்ற மறுப்பு எழக்கூடும். கூட்டுச்சொல்லில் அந்த மயக்கம் நேராது என்பது என் கருத்து.

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

‘முரணிழுப்பு’ எனக்கு உடன்பாடே. ஆனால் பட்டியலில் இதற்கு எழுதும் விளக்கத்தில் ‘வாக்களிக்காமல் இருக்கத் தூண்டுவது’ என்ற தொடரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் சொன்ன பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது இரு வீட்டாருக்கும் தெரியாது; ஆனால் இடக்கை ஆள்காட்டி விரலில் மை இருக்கிறதா என்பதைத் தெருவே பார்க்கும். ஆக, முரணிழுப்பு அவரைத் தயங்க வைக்கும் அதே நாளில் சமூக அழுத்தம் அவரை வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

மேலும், கருத்து வேறுபாடுள்ள நட்பு வட்டத்தில் இருப்போர் அரசியல் பங்கேற்பில் பின்தங்குவது ஏன் என்பதற்கு அமெரிக்க அரசியல் அறிவியலாளர் டயானா மட்ஸ் 2002இல் எழுதிய கட்டுரையில் இரண்டு காரணங்கள் உள்ளன: ஒன்று, மனத்துக்குள்ளேயே நிகழும் இருமனம், மற்றொன்று, பழகுவோருடன் மனத்தாங்கல் வரக்கூடாது என்ற எச்சரிக்கை. முதலாவது விரல் மையோடு தீர்வதில்லை, வாக்குச்சாவடியில் தனியே வாக்களிக்கும் மறைப்புக்குள்ளும் உடன் வரும். எனவே, ‘ஒருவர் சார்ந்துள்ள குழுக்கள் அவரை வெவ்வேறு அரசியல் திசைகளில் இழுக்கும் நிலை’ என்ற அளவில் விளக்கத்தை நிறுத்திக்கொண்டு, வாக்குப்பதிவின் மீதான விளைவைத் தனிக் குறிப்பாகத் தரலாம்.