வாடிக்கையாளர் எண் 0: ஃபாரின் கீ போட்டால் 1452 பிழை

கேன்வண்டி, மடிப்பாக்கம்

வணக்கம். நான் டேட்டாபேஸ் ஆள் இல்லை. பகலில் ஆடிட்டர் ஆபீஸ், ராத்திரியில் மாமாவின் கேன் தண்ணீர் கடைக் கணக்கு. கடையில் ஓடுவது 2009-ல் யாரோ ஒரு பையன் பிஎச்பியில் எழுதிக் கொடுத்த நிரல். 2015 வெள்ளத்தில் மாமா டிவியை விட்டுவிட்டு அந்த சிபியூவைத்தான் பரணில் ஏற்றினார், அவ்வளவு முக்கியம். போன மாதம் அதன் ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்ததும், புது லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் மாற்றினேன்.

இரண்டே டேபிள்: வாடிக்கையாளர், சப்ளை. பழைய நிரலில் ஃபாரின் கீ வரி (சப்ளையில் வரும் ஒவ்வொரு வாடிக்கையாளர் எண்ணும் வாடிக்கையாளர் டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு) இருக்கிறது, ஆனால் புது இடத்தில் அந்தக் கட்டுப்பாட்டையே காணோம். சரி, நானே போடலாம் என்று இரண்டையும் இன்னோடிபி என்ற டேபிள் இன்ஜினுக்கு மாற்றி, டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையைக் கொடுத்தேன். முதலில் 3780 பிழை. ஒரு பக்கம் அன்சைன்ட் இன்ட் (மைனஸ் வராத முழு எண்), மறுபக்கம் வெறும் இன்ட். அதைச் சரிசெய்துவிட்டேன். இப்போது 1452: சைல்டு (இங்கே சப்ளை) வரிசையைச் சேர்க்கவோ மாற்றவோ முடியாதாம். நான் எந்த வரிசையையும் சேர்க்கவில்லையே! பிழைச் செய்தியில் ஹாஷ் குறியோடு தொடங்கும் ஒரு டேபிள் பெயர் வேறு வருகிறது. அப்படி ஒரு டேபிளே என்னிடம் இல்லை.

சும்மாபயல்

ஃபாரின் கீ செக்ஸ் செட்டிங்கை 0 ஆக்கிவிட்டு (சோதனை நின்னுடும்) ஆல்டர் ஓட்டுங்க ப்ரோ, பிறகு 1 ஆக்கிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

பழைய டிபிஏ, அம்பத்தூர்

தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். ஆல்டர் ஓடிவிடும், உண்மைதான். ஆனால் திரும்ப 1 ஆக்கும்போது மைஎஸ்க்யூஎல் ஏற்கெனவே உள்ள வரிசைகளைத் திரும்பிப் பார்க்காது. கோளாறு உள்ளேயே இருக்கும், பிழைச் செய்தி மட்டும் போய்விடும்.

அந்த ஹாஷ் பெயர் உங்கள் சப்ளை டேபிள்தான். ஃபாரின் கீ சேர்க்கும்போது ஒரு தற்காலிக டேபிளை உருவாக்கி, பழைய வரிசைகளை ஒவ்வொன்றாக அதில் போடுகிறது. அப்படிப் போடும்போது ஏதோ ஒரு வரிசையின் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஆள் இல்லை. அதனால்தான் 'சேர்க்க முடியாது' என்கிறது.

பழைய பெட்டியில் ஏன் வரவில்லை? 2009 என்றால் அநேகமாக மைஐசாம் என்ற பழைய இன்ஜின். அது ஃபாரின் கீ வரியை வாங்கிக்கொள்ளும், பிழை சொல்லாது, கடைப்பிடிக்கவும் செய்யாது. மைஎஸ்க்யூஎல் 5.5-ல்தான் இன்னோடிபி இயல்பான இன்ஜின் ஆனது. ஆகவே பதினைந்து வருடமாக உங்கள் மாமா கடையில் காவலே இல்லை.

சப்ளையையும் வாடிக்கையாளரையும் லெஃப்ட் ஜாயின் செய்து (சப்ளை வரிசை எல்லாம் இடப்பக்கம், பொருந்தும் வாடிக்கையாளர் வலப்பக்கம்), வலப்பக்கம் நல், அதாவது மதிப்பே இல்லாமல், வருவதை மட்டும் எண் வாரியாகக் குரூப் செய்து பாருங்கள். என்ன வந்தது என்று சொல்லுங்கள்.

கேன்வண்டி, மடிப்பாக்கம்

அண்ணா, 61 வரிசை. அதில் 58-ன் வாடிக்கையாளர் எண் 0! மாமாவைக் கேட்டால், கடைக்கே வந்து கேன் வாங்கிப் போகிறவர்களுக்கு 0 என்று அடிக்கச் சொன்னது அவர்தானாம். மிச்சம் மூன்று வரிசைக்கும் எண் 212.

சரி, 'கடை விற்பனை' என்ற பெயரில் 0 எண்ணோடு ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்கலாம் என்று பார்த்தேன். இன்சர்ட் ஓடியது, பிழை இல்லை. ஆனால் திறந்து பார்த்தால் எண் 640!

பழைய டிபிஏ, அம்பத்தூர்

ஆட்டோ இன்கிரிமென்ட் (எண்ணைத் தானே கூட்டிப் போடும்) ஃபீல்டில் 0 கொடுத்தால் 'நீயே அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்' என்று அர்த்தம். அதை மாற்ற ஒரு எஸ்க்யூஎல் மோடு உண்டு, வேண்டாம். அடுத்த முறை டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றும்போது மறந்துவிடுவீர்கள்.

கடைக்கு வந்து வாங்குகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததற்கு நல்தான் பொருத்தம். சப்ளையில் அந்த ஃபீல்டை நல் ஏற்கும்படி மாற்றுங்கள், 0 எல்லாவற்றையும் நல் ஆக்குங்கள். ஃபாரின் கீ நல் மதிப்பை மறுக்காது. நிரலில் 0 அனுப்பும் இடத்தையும் மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் நாளைக் காலை முதல் கேனுக்கே 1452 வரும்.

212-ஐ மட்டும் அழித்துவிடாதீர்கள். அது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கேன்வண்டி, மடிப்பாக்கம்

முடிந்தது அண்ணா. 212 யார் என்பது அட்வான்ஸ் நோட்டில் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு தனி வீடு, இடித்து ஃபிளாட் கட்டுகிறார்கள். வீட்டுக்காரர் காலி செய்ததும் மாமா பெயரை அழித்துவிட்டார். இரண்டு கேன் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, அவர் கொடுத்த 300 ரூபாய் அட்வான்ஸ் நம்மிடம். 212 என்று எண்ணை நேரடியாகக் கொடுத்தே திரும்பச் சேர்த்தேன், எடுத்துக்கொண்டது. ஆல்டரும் ஒரே மூச்சில் ஓடிவிட்டது. கேஸ்கேட் (ஆளை அழித்தால் அவர் சப்ளையும் சேர்ந்து அழியும்) போடவில்லை, ரெஸ்ட்ரிக்ட்தான் (சப்ளை இருந்தால் ஆளை அழிக்க விடாது).

நேற்று மாமா போன் செய்தார். காலி செய்துபோன இன்னொரு வீட்டை அழிக்கப் பார்த்திருக்கிறார், 1451 பிழை வந்திருக்கிறது. "உன் லேப்டாப் என்னையே எதிர்த்துப் பேசுதுடா" என்றார். வாடிக்கையாளர் டேபிளில் 'நடப்பில் உள்ளதா' என்று ஒரு ஃபீல்டு சேர்த்து, திரையிலிருந்து அழிக்கும் பொத்தானை எடுத்துவிட்டேன்.