முதல் செமஸ்டரில் மூன்று அரியர், அப்புறம்தான் எம்.பி.பி.எஸ். – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2022 ஜூலை 17-ல் முதல் நீட் எழுதினேன், கிடைக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன்.

அங்கே பாடமெல்லாம் ஆங்கிலம். காலையில் ஆறரை பஸ், சாயங்காலம் வீடு வந்தால் தூக்கம். வகுப்பில் கேட்ட சொற்களை அப்படியே எழுதிவைத்தேன், பொருள் பிடிபடவில்லை. முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போனது. அதில் ஒன்று துணைப்பாடமான வேதியியல். வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. அப்பா கேட்டுவிட்டு, "சாரமில்ல மக்களே, நீ முதல்ல சாப்பிடு" என்றார். அன்றைக்கு இரவுதான் அழுதேன்.

டாக்டர் கனவு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். டிகிரியில் அரியர் வைத்தவளுக்கு மெடிக்கல் சீட் யார் தருவார்கள்? எங்கள் வேதியியல் மேடம்தான் அந்த எண்ணத்தைத் திருத்தினார். "எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் உன் டிகிரி மார்க்கை யாரும் பார்க்கப் போறதில்லம்மா. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேர்ச்சி, அதுக்கு மேல நீட் மார்க். ஆனா இந்த அரியர் எதனால வந்துதோ, அது நீட் ஹாலுக்கும் உன் கூடவே வரும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. எனக்கு மோல் கணக்கு வராது. பதினொன்றாம் வகுப்பிலேயே வராது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தாண்டியிருந்தேன். மேடம் ஒருநாள், "உங்க வீட்டுல ரப்பர் ஷீட் அடிக்க ஆசிட்டை அப்படியேவா பாலில் ஊத்துவாங்க?" என்று கேட்டார். இல்லை, தண்ணீர் கலந்துதான் ஊற்றுவோம். ஆசிட் அதே அளவுதான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் கூடுகிறது, அதனால் செறிவு குறைகிறது. சின்ன வயதிலிருந்து அப்பா பக்கத்தில் நின்று பார்த்த வேலை அது. அந்த ஃபார்மிக் ஆசிட் பாட்டிலை வைத்தே, செறிவை மோலில் சொல்லும் மோலாரிட்டி படித்தேன். பால் ஏன் உறைகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது: ரப்பர் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, ஆசிட் அதைச் சமன்செய்ததும் ஒட்டிக்கொள்கின்றன.

2023 மே 7-ல் இரண்டாம் முறை. உயிரியல் 360-க்கு 270 வந்தது, இயற்பியல் 180-க்கு வெறும் 19. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும் என்று தெரிந்தும் ஊகத்தில் கட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தேன். அந்த மே மாதம் ஒரு நோட்டு வாங்கினேன். தவறிய ஒவ்வொரு கணக்கையும் எழுதி, எந்த வரியில் தவறினேன் என்பதைச் சிவப்பு மையில் குறித்தேன். பாதிக்கு மேல் அலகு மாற்றத்திலும் பத்தின் அடுக்கிலும்தான். இயற்பியல் எனக்குப் புரியாத பாடம் என்று ஐந்து வருஷமாக நம்பியிருந்தேன், காரணம் இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்குள் அரியர் மூன்றையும் எழுதி முடித்தேன்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒன்று. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. மூன்றாம் முறை நீட் எழுதியபோது, தமிழில் குழம்பிய கேள்விகளை ஆங்கிலத்தில் படித்துத் தெளிந்தேன். கல்லூரி கொடுத்த ஆங்கிலம் அது.

2024 மே 5-ல் இயற்பியல் 104. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வேறு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 2020-ல் வந்த சட்டம் இது, கட்டணத்தை அரசே ஏற்கிறது. திரும்ப எழுதுகிறவர்களுக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும். டி.சி. கல்லூரியில் இருக்கும், அதை மறக்கவேண்டாம். கடைசி வாரத்தில் நான் அலைந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

—

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். நான் 2009-ல் பிளஸ் டூ. 2007-லேயே தமிழ்நாட்டின் பழைய நுழைவுத்தேர்வை நீக்கிவிட்டார்கள், பிளஸ் டூ மார்க்கை 200-க்குக் கணக்கிட்டு வரும் கட்ஆஃப்தான் எல்லாமே. எனக்குக் கொஞ்சத்தில் போனது. அந்த வருத்தத்திலேயே கல்லூரி முதல் வருஷத்தைத் தொலைத்தேன். இன்னொரு முறை முயல அப்போது வழி தெரியவில்லை. இப்போது ஒரு லேபில் வேலை.

2022-ல் நீட்டுக்கு உச்ச வயது வரம்பை எடுத்தார்கள் என்று கேட்டதும் கை நடுங்கியது. இரண்டு பிள்ளைகளையும் தூங்கவைத்துவிட்டுப் படித்து 2023-ல் எழுதினேன். போதவில்லை. எல்லோருக்கும் கிடைத்துவிடாது, அதையும் இங்கே யாராவது சொல்லவேண்டும். இன்னொரு முறை எழுதுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கும் இயற்பியல்தான் இழுத்தது. தங்கச்சி, அந்த நோட்டைப் பார்க்க முடியுமா?

—

அக்கா, நோட்டு வீட்டில்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அப்பா தக்கலை வருவார், கொடுத்துவிடுகிறேன். முதல் பதினைந்து பக்கம் அலகு மாற்றம் மட்டும்தான், அதைப் படிக்காம விட்டுடாதீங்க. சிவப்பு மை மழையில் கொஞ்சம் கரைந்திருக்கு. படிக்க முடியாத இடம் இருந்தால் போன் பண்ணுங்க, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.