அக்ரகாரத்து வீட்டின் பின்கட்டைக் கொல்லையோடு இணைப்பது எப்படி?

கேள்வி
எழுதியவர்: வடக்குவாசல்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்து அக்ரகாரத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. கொள்ளுத்தாத்தா காலத்தில் கட்டியது; நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. வடக்குப் பார்த்த வாசல், 22 அடி அகலம், இருபுறமும் அண்டை வீடுகளோடு பொதுச்சுவர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று வரிசையாகப் பின்னால் நீண்டு, அடுக்களைச் சுவரோடு வீடு முடிகிறது. அதற்குப் பின்னால் மூன்று படி இறங்கினால் கிணற்றடி, கூரை விழுந்துபோன மாட்டுக் கொட்டில், அப்புறம் ஏறக்குறைய 60 அடிக்குக் கொல்லை. ஒரு மாமரம், இரண்டு தென்னை, நாரத்தை, பவழமல்லி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

அம்மா இனி இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறார். அவருக்கு வயது 78. பகல் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொல்லை கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் அடுக்களையின் தெற்குச் சுவரில் ஒரு குறுகலான கதவும் இரண்டு சிறிய சன்னல்களும் மட்டுமே உள்ளன. அந்தச் சுவருக்கு அப்பால் கொல்லையைப் பார்த்தபடி ஓர் இருப்பிடம் வேண்டும் என்பது எங்கள் ஆசை. நாங்கள் கலந்து பேசிய பொறியாளர், தெற்குச் சுவரில் 14 அடியை இடித்துவிட்டுக் காங்கிரீட் உத்திரம் கொடுத்து, நகரும் கண்ணாடிக் கதவு பொருத்தி, அதற்கு அப்பால் 20 அடிக்கு 14 அடியில் தட்டையான காங்கிரீட் தளம் போட்ட அறை ஒன்றைக் கட்டலாம் என்கிறார். தம்பிக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. இத்தகைய வீடுகளில் வேலை செய்தவர்களும் வாழ்ந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி
எழுதியவர்: சுண்ணாம்புக்காரை

நண்பருக்கு வணக்கம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் அந்தச் சுவரைப் பற்றியே சொல்கிறேன்; உங்கள் திட்டத்தில் ஆபத்து இருப்பது அங்கேதான்.

அந்தக் காலத்துச் சுவர் ஒன்றரை அடி கனத்தில், சிறு செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு எழுப்பியதாக இருக்கும். மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்றால், தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். அதன் எடை சாமானியமானதல்ல. 22 அடி அகலத்துக்குக் குறுக்கே போட மிக நீளமான மரம் வேண்டும் என்பதால், உத்திரங்கள் பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடி நீங்கள் இடிக்க நினைக்கும் சுவரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதை முதலில் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த எடை இப்போது சுவரின் முழு நீளத்துக்கும் பரவி, கீழே அகன்று செல்லும் செங்கல் அடித்தளத்தின் வழியாக மண்ணில் இறங்குகிறது. 14 அடியை எடுத்துவிட்டு உத்திரம் வைத்தால், பரவியிருந்த சுமை முழுவதும் இரண்டு முனைகளில் வந்து குவியும். அங்கே மிஞ்சுவது பக்கத்துக்கு நான்கடிச் சுவர். அதை ஒட்டியே பொதுச்சுவர். விரிசல் விழுந்தால் அது உங்கள் வீட்டோடு நிற்காது.

இதற்கு எளிய மாற்று உண்டு. அந்த இரண்டு சன்னல்களையும் கதவுகளாக்குங்கள். சன்னலின் மேல்தாங்கியையும் அதற்கு மேலுள்ள சுவரையும் தொடாமல், சன்னலுக்குக் கீழே இருக்கும் சுவர்ப்பகுதியை மட்டும், சன்னலின் அகலத்துக்குள்ளாகவே, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகக் கையுளியால் எடுக்க வேண்டும். இடிக்கும் இயந்திரத்தை அந்தப் பக்கமே விடக் கூடாது. அதன் அதிர்வில் பழைய சுண்ணாம்புச் சாந்து பொடிந்துவிடும். எடுத்த செங்கற்களைச் சுத்தம் செய்து அடுக்கி வைத்தால் நிலைப் பக்கங்களைக் கட்ட அவையே உதவும். நடுவில் இருக்கும் கதவோடு சேர்த்து மூன்று திறப்புகள் கிடைக்கும். சுவரும் சுவராகவே நிற்கும்.

புதிய பகுதியைப் பற்றி ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: அது பழைய வீட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம், அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. டெல்டாவின் களிமண் கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். நூறு ஆண்டுகளாக இருந்து அமர்ந்துவிட்ட அடித்தளமும் நேற்றுப் போட்ட அடித்தளமும் ஒரே அளவில் அசையமாட்டா. ஆகவே புதிய சாய்ப்புக்குப் பழைய சுவரை ஒட்டியே தனியாக ஒரு தூண் வரிசை வேண்டும். இடையில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, மழைநீர் அதில் இறங்காதபடி மேலே ஒரு தகட்டைச் சுவரின் சாந்துக் கோட்டுக்குள் செருகி மடித்துவிட வேண்டும். கைமரங்களைப் பழைய சுவரைக் குடைந்து சொருகுவதை எந்தத் தச்சர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பூச்சு விஷயத்திலும் கவனம் தேவை. பழைய சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மேலேறி உப்புப் பூக்கும். சில ஆண்டுகளில் செங்கல்லின் முகமே உதிரத் தொடங்கும். நீற்றிய சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் உங்கள் பகுதியில் இன்னமும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணிகளில் விசாரித்தால் கிடைப்பார்கள்.

மறுமொழி
எழுதியவர்: தாழ்வாரம்

மாயவரம் பக்கத்தில் இதே அமைப்புள்ள வீட்டில் வாழ்கிறவள் நான். மேலே ஐயா சொன்ன கட்டுமான விஷயங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் வேறொன்றைக் கேட்க வேண்டும்: புதிதாக ஓர் அறை எதற்கு? உங்களிடம் ஏற்கெனவே கொட்டில் இருக்கிறதே!

இந்த வீடுகளின் போக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ரேழி இருட்டு, முற்றம் வெளிச்சம், அடுக்களை மறுபடி இருட்டு, அதைத் தாண்டினால் கொல்லை வெளிச்சம். வாசற்கதவைத் திறந்து நின்றால் கதவுகளெல்லாம் ஒரே கோட்டில் அமைந்து கொல்லையின் பச்சை துண்டாகத் தெரியும். முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்போது கொல்லைப்புறத்துக் குளிர்ந்த காற்று அந்தக் கோட்டின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பின்சுவரை ஒட்டி 20 அடிக்கு மூடிய அறை ஒன்றைக் கட்டி, அதற்குத் தட்டையான காங்கிரீட் தளமும் போட்டால், காற்றின் வழி அடைபடும். அடுக்களை பகலிலும் விளக்குப் போட வேண்டிய இடமாகிவிடும். கொல்லையைப் பார்க்க ஆசைப்பட்டு, அதை வீட்டிலிருந்து இன்னும் 14 அடி தள்ளிவைத்ததாகத்தான் முடியும்.

மாறாக, சுவரை ஒட்டி ஏழெட்டடி அகலத்தில் பக்கம் திறந்த ஓட்டுத் தாழ்வாரம் ஒன்றை இறக்கி, அதைக் கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு கொட்டில்வரை நீட்டுங்கள். கொட்டிலின் பழைய அடித்தளத்திலேயே அம்மாவுக்கான அறையை எழுப்பலாம். அப்படிச் செய்தால் வீட்டுக்கும் அறைக்கும் நடுவே கிணற்றடி இரண்டாவது முற்றமாக அமையும். மாமரத்தின் வேரையும் தோண்ட வேண்டியிருக்காது. கொட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேற்குப் பக்கமாக இருந்தால் மாலை வெயிலையும் அதுவே மறைத்துவிடும்.

தெற்கு வெயிலைப் பற்றிப் பயம் வேண்டாம். கும்பகோணம் இருக்கும் 11 பாகை அட்சத்தில், மார்கழியில் சூரியன் மிகவும் தெற்கே சாய்ந்திருக்கும்போதுகூட நடுப்பகலில் ஏறக்குறைய 55 பாகை உயரத்தில் இருக்கும். ஐந்தடி இறவாரம் இருந்தால் அதற்குக் கீழே ஏழடிச் சுவருக்கு நிழல் கிடைத்துவிடும். ஆனி மாதத்திலோ நடுப்பகல் சூரியன் வடக்கே போய்விடுவதால் தெற்குப் பக்கத்தில் அப்போது நேர் வெயிலே இல்லை. கண்ணாடிக் கதவுக்குச் செலவிடும் பணத்தை நல்ல ஓட்டுக்கும் மரத்துக்கும் செலவிடலாம்.

தண்ணீர்ப் போக்கை மறக்காதீர்கள். முற்றத்து மழைநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது அடுக்களைக்கு அடியிலுள்ள கல் சாக்கடை வழியாகக் கொல்லை வாழைக்குத்தான் போகிறது. உங்களுக்கும் அப்படியிருந்தால், புதிய தரையைப் போடும்போது யாரும் அந்த வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாமல் நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி அடைமழையில் முற்றம் நிரம்பினால் தண்ணீர் கூடத்துக்குத்தான் ஏறும். அதுபோலத் தாழ்வாரத்து ஓடும் கொட்டில் ஓடும் சந்திக்கும் கூடல்வாயில் இலைச்சருகு அடையாதபடி அகலமான தகடு போடச் சொல்லுங்கள்; மாமரம் பக்கத்தில் இருக்கிறது.

தம்பிக்கு நேரில் காட்ட விரும்பினால், அவர் சென்னைப் பக்கம் போகும்போது முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். உச்சிவெயிலில் அவற்றின் தாழ்வாரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும், நாம் வாதாட வேண்டியதில்லை.

மறுமொழி
எழுதியவர்: பட்டாநிலம்

கட்டுமானத்துக்கு முன்பே பார்க்க வேண்டிய சில ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, உங்கள் மனை யாருடையது என்று பாருங்கள். டெல்டாவில் பல அக்ரகாரங்களில் வீடு மட்டும் குடும்பத்துக்கும் அடிமனை கோயிலுக்கும் சொந்தமாக இருக்கிறது. அப்படியானால் கோயில் நிர்வாகத்தின் அனுமதியின்றிக் கொல்லையில் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது.

இரண்டாவதாக, தெருவுக்கு அருகில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் ஏதேனும் இருக்கிறதா? தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் அத்தகையது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைசெய்யப்பட்ட பகுதியில் பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க அனுமதி கோரலாம். ஆனால் பக்கவாட்டிலோ மேலேயோ விரிவுபடுத்துவதை அந்தச் சட்டம் புதிய கட்டுமானமாகவே கருதுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு.

இவை இரண்டும் இல்லையென்றாலும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும்; 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி வரைபடம் கொடுக்க வேண்டியிருக்கும். பொதுச்சுவர் இருப்பதால் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, சுவரின் இப்போதைய நிலையை இரு தரப்பினரும் சேர்ந்து படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி
எழுதியவர்: வடக்குவாசல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிமனை எங்கள் பெயரிலேயே இருக்கிறது. அருகில் பாதுகாக்கப்பட்ட கோயில் எதுவும் இல்லை. கொட்டில் மேற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தம்பியும் இதைப் படித்துவிட்டு யோசிக்கத் தொடங்கியிருக்கிறான். இரண்டு ஐயங்கள் உள்ளன. அந்த மூன்று படிகளும் அம்மாவுக்குச் சிரமம். தாழ்வாரத் தரையை அடுக்களைத் தரையின் மட்டத்துக்கே உயர்த்திவிடலாமா? வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது?

மறுமொழி
எழுதியவர்: சுண்ணாம்புக்காரை

சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தாதீர்கள். இப்போது வெளியே காய்ந்துகொண்டிருக்கும் சுவரின் அடிப்பகுதி ஈர மண்ணில் புதைந்துவிடும். தாழ்வாரத் தரையை உள்தரையைவிட அரையடி தாழ்வாக, தூண்களின் அடித்தளத்தின் மேல் கருங்கல் பலகைகளைப் பாலம்போல் இட்டு அமையுங்கள். கீழே காற்று புகுந்து வெளியேற வழி இருக்கட்டும். அந்த அரையடிக்கு மட்டும் கதவுக்கு வெளியே சரிவு கொடுக்கலாம். அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் ஆறடி நீளம் போதும். ஒரு பக்கம் கைப்பிடி வையுங்கள். கல் வழவழப்பாக இருக்கக் கூடாது, கொத்திய முகம் மேலே இருக்க வேண்டும். தாழ்வாரத்திலிருந்து கொட்டில் அறைக்குப் போகும் தரையும் அதே மட்டத்தில் இருந்தால் அம்மாவுக்குப் படியே வராது.

தை பிறந்ததும் தொடங்குங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். பூசிய பின்னும் பல நாள் நனைத்து, நேர் வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அது நன்றாக இறுகியிருக்க வேண்டும் என்பதால் பூச்சு வேலையை ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பின்சுவரிலும் பொதுச்சுவர்களிலும் விரிசல் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு முனைகளிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். இந்த மழைக்காலம் முடிந்து பார்க்கும்போது சில்லு உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், அடைத்துவிடலாம். உடைந்திருந்தால் அடித்தளம் இன்னமும் அசைகிறது என்று பொருள். அப்போது சன்னலில் கைவைக்குமுன் எனக்கு எழுதுங்கள்.