தூண்டில் ஈயக்குண்டு அச்சில் முழுமையாக நிரம்பவில்லை: வெப்பத்தைக் கூட்டியும் சீராகாத வார்ப்பு

கேள்வி: கரைத்தூண்டில்

வணக்கம். கரையிலிருந்து வீசும் தூண்டிலுக்கான ஈயக்குண்டுகளை வீட்டுக்குப் பின்னால் உள்ள திறந்தவெளியில் நானே வார்த்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது இரண்டு குழிகள் கொண்ட அலுமினிய அச்சு. ஒவ்வொரு குழியிலும் ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள கூம்பு வடிவக் குண்டு கிடைக்க வேண்டும். கூம்பின் உச்சியில் தூண்டில் நரம்பு கட்டுவதற்கான பித்தளைக் கம்பி வளையம் பதிந்திருக்க வேண்டும். எரிவாயு அடுப்பின்மேல் வார்ப்பிரும்புச் சட்டியை வைத்து உருக்கி, கரண்டியால் மொண்டு ஊற்றுகிறேன்.

முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்த வார்ப்பு இப்போது கெட்டுவிட்டது. குண்டின் மேற்பரப்பு முழுவதும் சுருக்கம் விழுகிறது. வளையத்தைச் சுற்றியுள்ள மெல்லிய பகுதி நிரம்பாமலேயே உறைந்துவிடுவதால் கம்பி பாதி வெளியே தெரிகிறது. அப்படிப்பட்ட குண்டை வேகமாக வீசினால் வளையம் பிடுங்கிக்கொண்டு குண்டு மட்டும் பறந்துபோகும் என்பதால் பயன்படுத்தவும் முடிவதில்லை. உலோகம் போதிய சூட்டில் இல்லை என்று எண்ணித் தீயைக் கூட்டினேன். சட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் களிபோல் மிதந்தது கரைந்து மறைந்தது; ஆனால் அதற்குப் பிறகு வார்ப்பு இன்னும் மோசமாகிவிட்டது. அச்சில் குறையா, உலோகத்தில் குறையா, என் ஊற்றும் முறையில் குறையா என்று விளங்கவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: அச்சுப்பட்டறை

நண்பரே, மேற்பரப்பில் சுருக்கம் விழுவதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: அச்சு குளிர்ந்திருப்பது, அல்லது குழிக்குள் எண்ணெய்ப் பசை இருப்பது. ஈயம் 327.5 பாகை செல்சியசில் உருகுகிறது. அதை 400 பாகைக்குச் சூடாக்கி ஊற்றினாலும், கையில் பிடிக்கும் அளவுக்கு ஆறிப்போன அலுமினியத்தில் பட்ட கணமே அதன் வெளித்தோல் உறைந்துவிடும். பின்னால் வரும் உலோகம் அந்தத் தோலோடு இணையாமல் மடிப்பு மடிப்பாக நிற்கும். அலுமினியம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவதால் இந்தத் தொல்லை அதில் கூடுதலாகத் தெரியும்.

ஆகவே அச்சைச் சலவைத்தூள் கரைத்த நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்தி, தனி அடுப்பின்மேல் வைத்த இரும்புத் தகட்டில் நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் விளக்கின் கரியை மெல்லிய படலமாகக் குழிகளில் படியவிட்டால் உலோகம் சற்றுத் தூரம் கூடுதலாக ஓடும். முதலில் வரும் வார்ப்புகளைக் கணக்கில் எடுக்காமல் சட்டிக்கே திருப்பிவிட்டு, இடைவெளியில்லாமல் தொடர்ந்து வார்த்தால் அச்சு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். மேற்பரப்பு பளபளப்பை இழந்து பனி படிந்தாற்போல் வெளிறினால் அச்சு அளவு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். சிறிது நேரம் ஆறவிட்டுத் தொடரலாம்.

வளையக் கம்பியையும் மறந்துவிடாதீர்கள். தடித்த குளிர்ந்த கம்பி, மெல்லிய உச்சிப் பகுதியிலிருக்கும் வெப்பம் முழுவதையும் உறிஞ்சிவிடும். எண்ணெய் போகத் துடைத்து, அச்சோடு சேர்த்துச் சூடாக்குங்கள். காற்று வெளியேற வழியில்லாவிட்டாலும் அந்த மூலை நிரம்பாது. குழியின் மூலையிலிருந்து அச்சின் விளிம்புவரை, இரு பாதிகளும் பொருந்தும் பரப்பில், கூரான கத்தி முனையால் மயிரிழை போன்ற கோடுகள் சில கீறிவிட்டால் போதும். காற்று அதன் வழியே போகும், ஈயம் போகாது.

மறுமொழி: கசடுநீக்கி

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனாலும் கேள்வியில் உள்ள ஒரு செய்தியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. களிபோல் மிதந்தது தீயைக் கூட்டியதும் கரைந்தது, வார்ப்பு மேலும் கெட்டது என்கிறீர்கள். வெறும் ஈயக் கசடு வெப்பத்தைக் கூட்டினால் கரையாது, பெருகத்தான் செய்யும். தங்கள் சட்டியில் இருக்கும் உலோகம் எங்கிருந்து கிடைத்தது? வாகனச் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் வீல் வெயிட் கட்டிகள் அதில் சேர்ந்திருக்கின்றனவா?

கேட்டவர்: கரைத்தூண்டில்

ஆம் ஐயா. முன்பு பழைய ஈயக் குழாய்த் துண்டுகளை மட்டும் உருக்கினேன். அவை தீர்ந்த பிறகு, பழுதுபார்க்கும் கடையிலிருந்து கிடைத்த வீல் வெயிட் கட்டிகளை அப்படியே சட்டியில் கொட்டி உருக்குகிறேன். இரும்புக் கொக்கிகள் மிதந்து வந்ததும் அவற்றை எடுத்துவிடுகிறேன். வெப்பமானி என்னிடம் இல்லை.

மறுமொழி: கசடுநீக்கி

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. வீல் வெயிட் எல்லாம் ஈயத்தால் ஆனவை என்ற காலம் போய்விட்டது. சுற்றுச்சூழல் விதிகளின் காரணமாகப் பல நாடுகளில் இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. இரும்பு கரையாது, மிதக்கும், எடுத்துவிடலாம். துத்தநாகம் அப்படியன்று. அதன் உருகுநிலை 419.5 பாகை, அடர்த்தி ஈயத்தினுடையதைவிடக் குறைவு. ஆகவே சட்டியின் வெப்பம் 400 பாகைக்குள் இருக்கும்வரை துத்தநாகக் கட்டிகள் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். தாங்கள் தீயைக் கூட்டியபோது அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மிதந்தது உருகி ஈயத்தில் கலந்துவிட்டது. சிறிதளவு துத்தநாகம் கலந்தாலே உலோகம் ஓட்டம் இழந்து குழைந்த கூழாகிவிடும். அதற்கு மருந்தாக மேலும் தீயைக் கூட்டுவது நோயை வளர்ப்பதாகவே முடியும்.

இனி உருக்கும் முன்பே கட்டிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். துத்தநாகக் கட்டிகள் பலவற்றில் அந்த உலோகத்தின் ஆங்கிலக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். குறியீடு இல்லாதவற்றைக் குறட்டின் வெட்டுவாயில் வைத்து அழுத்தினால், ஈயத்தில் ஆழமாகப் பள்ளம் விழும். துத்தநாகம் இடம் கொடுக்காது. கல் தரையில் போட்டால் ஈயம் மந்தமாக விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். ஐயம் தீராவிட்டால் சுரண்டிய பகுதியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். துத்தநாகத்தில் குமிழி பொங்கும். பிறகு, வெப்பமானி வாங்காமல் அடுத்த முறை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். 350 முதல் 400 பாகை வரை என்ற இந்த ஒடுங்கிய எல்லையைக் கண்ணால் பார்த்துக் கணிக்க இயலாது.

கெட்டுப்போன உலோகத்தை ஓரளவு மீட்கலாம். தீயைக் குறைத்து, ஈயம் உறையத் தொடங்கும் நிலைக்குச் சற்று மேலே மெல்ல ஆறவிட்டால், துத்தநாகம் மிகுந்த ஏடு மேலே திரளும், அதை அள்ளிவிடலாம். ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிப்பதற்காக 1850இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் காப்புரிமை பெற்ற முறை இதே இயல்பைத்தான் பயன்படுத்துகிறது: உருகிய ஈயத்தில் வேண்டுமென்றே துத்தநாகத்தைச் சேர்த்து, அது வெள்ளியை இழுத்துக்கொண்டு ஏடாக மேலே வந்ததும் எடுத்துவிடுவார்கள். இருப்பினும் உறையும் வெப்பத்திலும் சுமார் அரை விழுக்காடு துத்தநாகம் ஈயத்தில் தங்கிவிடும் என்பதால், மீட்ட உலோகத்தைத் தனிப் பாளங்களாக வார்த்துக் குறியிட்டு, படகை நிறுத்தும் பெரிய எடைகளைப் போன்று நுணுக்கம் தேவைப்படாதவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறுவது ஆக்சைடாக மாறிய ஈயத்தை மீண்டும் உலோகமாக்க உதவும். துத்தநாகத்தை அது நீக்காது.

மறுமொழி: உலர்கரை

உடல்நலம் பற்றி யாரும் இன்னும் பேசாததால் குறுக்கிடுகிறேன். 400 பாகையில் ஈயம் பெருமளவில் ஆவியாவதில்லை. அதன் கொதிநிலை 1,749 பாகை. உண்மையான ஆபத்து, அள்ளிக் கொட்டும் கசடின் மஞ்சள், சாம்பல் நிறத் தூளில் இருக்கிறது. அது காற்றில் பறக்கும், கையில் ஒட்டும், கையிலிருந்து வாய்க்குப் போகும். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. நுண்துகள் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கசடை மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், உலோகம் முழுவதும் ஆறிய பிறகு ஈரத் துணியால் துடையுங்கள். வார்க்கும்போது அணிந்த உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. தொடர்ந்து வார்ப்பவர்கள் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வாகன மின்கலத் தகடுகளை உருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவற்றில் ஆர்செனிக், ஆன்டிமணி, கால்சியம் முதலியவை இருக்கக்கூடும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சீன், ஸ்டிபீன் என்ற கொடிய நச்சுவாயுக்கள் உருவாகலாம்.

கேட்டவர்: கரைத்தூண்டில்

அனைவருக்கும் நன்றி. கட்டிகளைப் பிரித்தபோது துத்தநாகம் நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. பழைய உலோகத்தை ஒதுக்கிவிட்டு, தேர்ந்தெடுத்த ஈயத்தை வெப்பமானி வைத்து 380 பாகைக்கு அருகில் உருக்கினேன். அச்சையும் கம்பியையும் சூடாக்கி வார்த்ததில் சுருக்கம் மறைந்துவிட்டது, வளையமும் முழுமையாகப் பதிகிறது. இப்போது எஞ்சியிருப்பது ஒன்றுதான்: ஊற்றும் வாய்க்கு நேர் கீழே குண்டின் அடிப்பரப்பில் ஒரு குழிவு விழுகிறது, ஒரு குண்டை அறுத்துப் பார்த்தபோது உள்ளேயும் சிறு பொந்து இருந்தது. மேலும், 500 கிராம் எடைக்குப் பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அச்சு செய்யலாமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: அச்சுப்பட்டறை

ஈயம் உறையும்போது அதன் கன அளவு சுமார் 3.5 விழுக்காடு சுருங்குகிறது. அந்தக் குறையை நிரப்ப, குண்டு உறைந்து முடியும்வரை வாயில் திரவ உலோகம் இருக்க வேண்டும். வாய் குறுகலாக இருந்தால் அதுவே முதலில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு உள்ளே நடக்கும் சுருக்கம் பொந்தாகத்தான் வெளிப்படும். அரத்தால் வாயைச் சற்று அகலப்படுத்தி, மேலே புனல் போன்ற பள்ளம் அமைத்து, ஒரே தாரையாக ஊற்றி, அந்தப் பள்ளம் நிறையும்வரை நிறுத்தாதீர்கள். பள்ளத்தில் நிற்கும் உலோகம் மெல்ல உள்வாங்குவதைக் கண்ணாலேயே காண்பீர்கள். அது உறைந்த பிறகே அச்சைத் திறக்க வேண்டும். மிகுந்த துண்டை வெட்டிச் சட்டிக்குத் திருப்பிவிடலாம்.

பாரிஸ் சாந்து அச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிய சாந்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேதிப்பிணைப்பில் உள்ள நீர். வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் அந்த நீர் உள்ளேயே இருக்கும். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரிவடைகிறது. அரைக் கிலோ உருகிய ஈயத்துக்கு அடியில் அது நிகழ்ந்தால் உலோகம் முகத்தை நோக்கித் தெறிக்கும். பெரிய எடைக்கு இரும்புக் குழாயை நீளவாக்கில் அறுத்து, இரு பாதிகளையும் கவ்வியால் இறுக்கி அச்சாகப் பயன்படுத்துங்கள். அடுப்பு எரியும்போது ஈரப் பாளத்தையோ குளிர்ந்த கரண்டியையோ சட்டிக்குள் விடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடாக்கிய பிறகே அமிழ்த்துங்கள். முகத் தடுப்பு, தோல் கையுறை, மூடிய காலணி இல்லாமல் அருகில் நிற்க வேண்டாம்.

மறுமொழி: உலர்கரை

ஒரு சேர்க்கை. தாங்கள் வார்ப்பது 100 கிராம் குண்டு. இதே முறையில் சிறிய குண்டுகளுக்கும் போவதாக இருந்தால், முதலில் தங்கள் பகுதியின் விதியைப் பாருங்கள். அன்னப்பறவைகள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், பிரிட்டனில் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயங்களின் விற்பனைக்கு 1987இல் தடை வந்தது. சிறியவற்றுக்கு வெள்ளீயமோ பிஸ்மத்தோ பொருந்தும்; வெள்ளீயம் 232 பாகையிலும் பிஸ்மத் 271 பாகையிலும் உருகுவதால் தங்கள் அடுப்பே போதும். ஆனால் ஈயம் உருக்கிய சட்டியில் அவற்றை உருக்காமல் தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்மத் உறையும்போது சுருங்காமல் விரிவடையும் என்பதால் வார்ப்பு அச்சுக்குள் இறுகிக்கொள்ளக்கூடும். குழியின் பக்கங்களுக்குச் சற்றுக் கூடுதலாகச் சரிவு கொடுக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்: கரைத்தூண்டில்

வாயை அகலப்படுத்திய பிறகு அடிப்பரப்புக் குழிவு நின்றுவிட்டது. அறுத்துப் பார்த்த குண்டின் உட்பகுதியும் பொந்தில்லாமல் இருக்கிறது. சாந்து அச்சுத் திட்டத்தைக் கைவிட்டு இரும்புக் குழாய்க்குச் சொல்லி வைத்திருக்கிறேன். துத்தநாகம் கலந்த பாளங்களைக் குறியிட்டுத் தனிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.