லூகா போன அன்னைக்கு உங்களை யார் என்ன கேட்டாங்க?

காசிமேடு கார்னர் த்ரீ:

டிரேட் விவரத்தை முழுக்கத் திரும்ப எழுதப் போவதில்லை: என்.பி.ஏ. கூடைப்பந்தில் டல்லாஸ் அணி தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆன்டனி டேவிஸை வாங்கியது. இங்கே இருக்கிற எல்லாருக்கும் அது மனப்பாடம். 2025 பிப்ரவரி 2, ஞாயிறு, நமக்குக் காலை பத்தே முக்கால் வாக்கில் செய்தி வந்தது. நான் மீன் வாங்க நின்றிருந்தேன். என்.பி.ஏ. செய்திகளை முந்தித் தருகிற நிருபர் ஷாம்ஸ் சரானியாவின் பதிவைப் பார்த்ததும் அவர் கணக்கை எவனோ ஹேக் பண்ணிவிட்டான் என்றுதான் தோன்றியது. அவரே நிஜம்தான் என்று இன்னொரு பதிவு போட்ட பிறகுதான் கை நடுங்கியது.

சங்கரா சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, மூஞ்சி இப்டி கீது? வூட்ல யாருக்கனா எதனாவா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏனோ முழுக்கதையையும் சொன்னேன்.

"பையனுக்கு இன்னா வயசு?" 25. "பதிலுக்கு வந்தவனுக்கு?" 31, மார்ச் வந்தால் 32. "மேல எதனா குடுத்தானா?" கிறிஸ்டி என்று ஒரு சின்னப் பையன், அப்புறம் 2029 முதல் ரவுண்டு பிக் ஒன்று. பிக் என்றால் என்ன என்று கேட்டார். நாலு வருஷம் கழித்து வரப்போகிற ஒரு பையன், யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது என்றேன். அதுவரை செதில் பறந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் கத்தி நின்றது.

"ஏலம் வுட்டானா?"

இல்லக்கா, ஒரே ஆளிடம் ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார்கள்.

"கரைக்கு வந்த வஞ்சிரத்த ஏலத்துல வெக்காம ஒருத்தன் காதுல சொல்லி எவனாவது விப்பானா?"

டல்லாஸின் அன்றைய ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன், டிஃபென்ஸ்தான் கோப்பை வாங்கித் தரும் என்றார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் மணிக்கணக்கில் அலசினார்கள். அக்கா கேட்டதற்கு மட்டும் டல்லாஸிலிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. உங்களையும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

திருவொற்றியூர் பர்ப்பிள்:

அக்கா கேட்டது சரி, ஆனால் வஞ்சிரத்துக்கு ஏஜென்ட் கிடையாது. லூகா விற்பனைக்கு என்று மற்ற 29 டீம்களிடமும் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்திருக்கும், ரசிகர்கள் விட்டிருக்க மாட்டார்கள். ரகசியமாக முடித்தது முட்டாள்தனம் இல்லை. முடித்த விலைதான் பிரச்சினை.

என் கதை சின்னது. லூகாவின் 77 போட்ட லேக்கர்ஸ் ஜெர்சி புதிதாக வந்திருந்த நேரம். தேரடி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினேன். தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவர் ஏறினார், டல்லாஸ் 41, பழைய நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கி. நீலமெல்லாம் வெளுத்துப் போன ஜெர்சி. வேறு இடம் இருந்தும் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்கு எந்த வருஷத்துல இருந்து லேக்கர்ஸ்?"

"2019ல இருந்து சார். டேவிஸ் வந்த வருஷம்."

"அப்ப டேவிஸ் ஜெர்சி எங்க?"

வண்டி துடைக்கிற துணியாக இருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? 2020 கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதர் டேவிஸ். என் பதிலுக்காகப் பெரியவர் காத்திருக்கவும் இல்லை, மண்ணடி வந்ததும் இறங்கிப் போய்விட்டார். டேவிஸைக் குப்பை மாதிரி எழுதுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: டல்லாஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 26 புள்ளி, 16 ரீபவுண்ட். மூன்றாவது குவார்ட்டரில் காயம். அதுவும் அவர்தான், இதுவும் அவர்தான்.

பெரம்பூர் பழைய பேக்போர்டு:

பர்ப்பிள் தம்பி, ரகசியமாக வைத்து மட்டும் என்ன கிடைத்தது? அன்றைக்கே ரசிகர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அரங்கத்துக்கு வெளியே டர்க் சிலை முன்னால் வைத்தார்கள். சொல்லிவிட்டுச் செய்திருந்தாலும் இதே சவப்பெட்டிதான், ஆனால் நாலு முதல் ரவுண்டு பிக்காவது கையில் இருந்திருக்கும். லேக்கர்ஸிடம் 2031 பிக்கும் இருந்தது. அதைக்கூடக் கறக்கவில்லை.

நிகோவோடு ஆரம்பித்த வியாதி இல்லை இது. 2011ல் மயாமியை 4-2 என்று அடித்துக் கோப்பை வாங்கிய அணியில் டிஃபென்ஸ் தூணான டைசன் சாண்ட்லரை அதே வருஷம் டிசம்பரில் விட்டார்கள். சம்பள விதி மாறுகிறது, பணத்தை மிச்சம் பிடித்துப் பெரிய ஆளைப் பிடிப்போம் என்றார் அப்போதைய உரிமையாளர் மார்க் க்யூபன். அப்போது நாங்கள் ஐ.சி.எஃப். பக்கம் காலையில் ஆடுவோம். ரயில்வே டீமுக்கு சென்டராக ஆடி ஓய்வு பெற்ற ஒருவர் வருவார், முட்டி இரண்டும் போய்விட்டது, ஓரமாக நின்று ஃப்ரீ த்ரோ மட்டும் போடுவார். அவரிடம் போய் க்யூபன் சொன்னதைப் பெருமையாக விளக்கினேன். அவர் பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "டிஃபென்ஸ்ல கத்துறவன் யாருப்பா இனிமே?" என்று கேட்டுவிட்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் முதல் ரவுண்டிலேயே ஓக்லஹோமாவிடம் 4-0. அதற்கப்புறம் ஒரு ப்ளே ஆஃப் தொடர் ஜெயிக்க 2022 வரை ஆனது. அந்த 2022லேயே ஜேலன் பிரன்சனையும் நியூயார்க்குக்கு விட்டார்கள். நாலு வருஷத்துக்கு 55 மில்லியனில் முன்னாடியே மடக்கியிருக்கலாம்; நியூயார்க் 104 கொடுத்துத் தூக்கியது. சாண்ட்லர், பிரன்சன், லூகா. ஆள் மாறினாலும் ஆஃபீஸ் மாறவில்லை.

கொளத்தூர் கேப் கணக்கு:

என்னிடம் ஷேர் ஆட்டோவில் ஒரு காலேஜ் பையன், "அண்ணா, லூகாவுக்குச் சம்பளம் தர காசு இல்லாமதான் வித்துட்டாங்களா?" என்று கேட்டான். பாதி விளக்குவதற்குள் மிண்ட் வந்துவிட்டது. அந்த மீதிப் பாதிதான் இது.

நீங்கள் எல்லாரும் மனசால் பேசுகிறீர்கள், கொஞ்சம் கணக்கையும் பாருங்கள். 2025 கோடையில் லூகாவுக்கு ஐந்து வருஷத்துக்குச் சுமார் 345 மில்லியன் டாலர் சூப்பர்மேக்ஸ், அதாவது அணி தன் சொந்த ஆளுக்குத் தரக்கூடிய உச்ச சம்பளம், வாங்கும் தகுதி வந்திருக்கும். டிரேட் ஆனதும் அந்தத் தகுதி போய்விட்டது. லேக்கர்ஸிடம் ஆகஸ்டில் மூன்று வருஷம், 165 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். அதாவது டல்லாஸுக்கு அந்தச் செலவைப் பற்றிப் பயம் இருந்திருக்கலாம் என்பது வேறு, காசு இல்லை என்பது வேறு.

அடுத்து, இனிமேல் எந்த டிரேட் வதந்தி வந்தாலும் முதலில் இரண்டாவது ஏப்ரனை, அதாவது அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்ட மேல் கோட்டை, பாருங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய அணி இரண்டு மூன்று பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, டிரேடில் பணமும் கொடுக்க முடியாது. அப்புறம் ஸ்டெப்பியன் விதி: வரப்போகிற அடுத்தடுத்த இரண்டு வருஷத்துக்கு முதல் ரவுண்டு பிக்கே இல்லாத மாதிரி விற்கக் கூடாது. அதனால்தான் 2029, 2031 என்று ஒன்று விட்டு ஒன்றாக வருகிறது. இது தெரியாமல் "பத்து பிக் கேட்டிருக்கலாம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

ஜெர்சி விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன். ஆடிக்கொண்டிருக்கிறவன் பெயரில் வாங்காதீர்கள். ஓய்வு பெற்றவன் பெயரில் வாங்குங்கள், அவனை யாரும் விற்க முடியாது. அந்த 41 பெரியவர் விவரமானவர். வாங்கினதை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து, நிழலில் காயப் போடுங்கள், எழுத்து உரியாது. பர்மா பஜார் பக்கம் வாங்கியது என்றால் துவைக்கவே வேண்டாம்.

காசிமேடு கார்னர் த்ரீ:

கேப் அண்ணா, சலவைக் குறிப்புக்கு நன்றி. கேட்டது யார் என்றுதான் தெரியவில்லை.

மூலக்கொத்தளம் சிக்ஸ்த் மேன்:

டல்லாஸ் பக்கம் போகாமல் நம் ஏரியா கதை ஒன்று சொல்லலாமா? எல்லாரும் பணம், பிக் என்று பேசுகிறீர்கள். எனக்கு எரிந்தது வேறு. டிரேட் முடிந்த கையோடு லூகா உடம்பைக் கவனிப்பதில்லை, வெயிட் ஏறிவிட்டது என்று செய்தி கசிய ஆரம்பித்தது பாருங்கள், அது.

எங்கள் கிளப்பில் ஒரு பாயின்ட் கார்டு இருந்தான். ஐந்தடி ஏழு இருப்பான். இடது கையில் பந்து போனால் யாராலும் எடுக்க முடியாது. ஒரு டோர்னமென்டுக்கு முன்னால் செயலாளர் அவனை இன்னொரு கிளப்புக்கு விட்டுவிட்டு இரண்டு உயரமான பையன்களைக் கொண்டுவந்தார். உயரம் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும், கிளப்புக்கும் பெயர் என்று ஒரு கணக்கு. சரி, அது அவர் முடிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். பையனைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "அவன் பிராக்டிஸுக்கு நேரத்துக்கு வரமாட்டான், ஒழுக்கம் இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவன் ஏன் லேட் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் துறைமுகத்தில் போட்டுக்கு ஐஸ் ஏற்றிவிட்டுத்தான் வருவான். ஒருநாள் சாயங்காலம் அவன் அம்மா கோர்ட்டுக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. செயலாளர் முன்னால் நின்று, "எம் பையன வேணான்னு சொல்லு, கேட்டுக்கறேன். சோம்பேறின்னு ஏன் சொன்ன?" என்றார். செயலாளர் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. பந்து கல்லு மாதிரி ஆகும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எண்ணூர் பெஞ்ச்:

மேலே இருப்பதைப் படித்த பிறகு என் கதை ஒன்றுமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வடசென்னைக்காரனுக்கு டல்லாஸ் எதற்கு என்று இங்கேயே பலர் கேட்டிருக்கிறார்கள். சத்னாம் சிங். 2015 டிராஃப்ட், 52வது பிக். இந்தியாவில் பிறந்த ஒருவரை என்.பி.ஏ. அணி தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை, எடுத்தது டல்லாஸ்.

எங்கள் பி.டி. சார் பேப்பர் கட்டிங்கை நோட்டீஸ் போர்டில் குத்தியதோடு நிற்காமல், ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரில் ஏழடி இரண்டங்குலத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். யார் எகிறிக் குதித்து அந்தக் கோட்டைத் தொடுவது என்று இன்டர்வெல்லில் போட்டி நடக்கும். சீசன் ஆரம்பித்ததும் தினமும் பிரேயர் முடிந்த பிறகு சார் என்னிடம், "இன்னிக்கு எத்தன நிமிஷம் ஆடினான்டா?" என்று கேட்பார். நான்தான் பாக்ஸ் ஸ்கோர் பார்க்கிறவன். டெக்சஸ் லெஜண்ட்ஸில் இருக்கிறார் சார், அது கீழ் லீக் சார் என்பேன். கடைசிவரை டல்லாஸுக்காக சீசன் ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. ஒருநாள் சார் கேட்பதை நிறுத்திவிட்டார். கோட்டை அழித்தது யார் என்று தெரியாது.

கொளத்தூர் கேப் கணக்கு:

52வது பிக்கெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் போகும். அதை ஆஃபீஸ் மேல் போடாதீர்கள். அந்த இடத்தில் எடுத்தவனை வளர்க்க வேண்டும் என்றால் முதலில்

எண்ணூர் பெஞ்ச்:

அண்ணா, விடுங்கண்ணா.

திருவொற்றியூர் பர்ப்பிள்:

பேக்போர்டு அண்ணன் சொன்ன சவப்பெட்டிக்கு அப்புறமும் ஒன்று நடந்தது. ஏப்ரல் 10 விடியற்காலை, லூகா டல்லாஸுக்கு எதிரணியாகத் திரும்பிய ஆட்டம். ஆரம்பிக்கும் முன் அவருக்காக வீடியோ போட்டார்கள், பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் எழுந்து போய் 45 புள்ளி அடித்தார். நிகோவை விரட்டு என்று அரங்கமே கத்தியது. நான் லேக்கர்ஸ் ரசிகன், ஜெயித்தது என் டீம். ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கொண்டாட வாய் வரவில்லை. அதே வருஷம் நவம்பரில் நிகோவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், அதில் யாருக்கு என்ன லாபம் என்று இன்னும் புரியவில்லை. போனவன் போனவன்தானே.

பெரம்பூர் பழைய பேக்போர்டு:

லாபம் இல்லை என்று சொல்ல முடியாது. புதுப் பையன்களை யார் முதலில் எடுப்பது என்று குலுக்குகிற லாட்டரியில், 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் பிக் விழுந்தது, கூப்பர் ஃப்ளாக் வந்தார். இதில் ஆஃபீஸின் மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கேயும் இல்லை. டல்லாஸின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முட்டி ஜவ்வு மார்ச்சில் கிழிந்தது, டேவிஸ் காயம், 39-43 என்று முடிந்து, பிளே இன் என்கிற தகுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸிடம் தோற்று, அதற்கப்புறம் ஒரு பந்து குலுக்கலில் மேலே வந்தது. இதைத் திட்டம் என்று சொல்கிற கூட்டமும் இருக்கிறது.

என் அக்கா பேத்தி ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். ஃப்ளாக் வந்த பிறகுதான் டல்லாஸ் பார்க்க ஆரம்பித்தாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் அலமாரியில் என் பழைய நீல 77ஐப் பார்த்துவிட்டு, "தாத்தா, லூகா லேக்கர்ஸ் ஆளுதானே? இதுல ஏன் டல்லாஸ்னு தப்பா அடிச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

காசிமேடு கார்னர் த்ரீ:

என்ன சொன்னீங்க?

பெரம்பூர் பழைய பேக்போர்டு:

பர்மா பஜார்ல வாங்கினதுன்னு சொல்லிட்டேன்.