பிறஷர் குளிசையோடு வலிக் குளிசையும் சேர்த்துப் போடலாமா?

வினா: களுவாஞ்சிகுடியிலிருந்து

68 வயதான என் அம்மா கிளினிக்கில் பிறஷருக்கு லொசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும், சீனி வருத்தத்துக்கு மெட்போர்மினும் எடுத்து வருகிறார். வேளாண்மை வெட்டுக்கு வயலுக்குப் போய் வந்ததிலிருந்து முழங்கால் வலி கூடியதால், அயலவர் ஒருவர் தமக்கு எழுதப்பட்ட டைக்குளோபினாக் குளிசைகளை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். ஐந்து நாட்களாகக் காலையும் இரவும் அவற்றைப் போட்டு வந்தார் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. கால் சற்று வீங்கியிருக்கிறது. வலி நின்றுவிட்டதால் நிறுத்த மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: மட்டக்களப்பிலிருந்து, மருந்தாளர்

தங்கச்சி, டைக்குளோபினாக்கை இன்றே நிறுத்துங்கள். கிளினிக் மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாயை டைக்குளோபினாக் ஒடுக்குகிறது, வெளியே கொண்டுபோகும் குழாயை லொசார்ட்டன் தளர்த்துகிறது, ஹைட்ரோகுளோரோதயசைட் உடம்பின் நீரைக் குறைக்கிறது. ஆகவே வெயிலில் வியர்த்துப் போதிய தண்ணீரும் குடிக்காத ஒருவருக்கு வடிகட்டும் அழுத்தம் விழுந்து, சில நாட்களிலேயே சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அப்படி நேர்ந்தால் மெட்போர்மினும் உடம்பில் தேங்கும். வலிக் குளிசை உப்பையும் நீரையும் தேக்கிப் பிறஷரையும் ஏற்றுவதால், அந்த வீக்கத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். கிளினிக் கொப்பியுடனும் மீதிக் குளிசைகளுடனும் நாளையே வைத்தியரிடம் சென்று இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்க்கக் கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது.

மறுமொழி: கல்முனையிலிருந்து

எங்கள் உம்மாவுக்கும் இதுவே நடந்தது. அவர் போட்டது அதே வகை வலிக் குளிசையான இபுபுரோபன். கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதிலிருந்து கிளினிக் கொப்பி இல்லாமல் பாமசிக்குப் போவதில்லை. காய்ச்சல் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு டைக்குளோபினாக்கோ இபுபுரோபனோ அஸ்பிரினோ கொடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடும்.

வினவியவர்

மிக்க நன்றி அண்ணா, நிறுத்திவிட்டார். வலிக்குப் பனடோல் கொடுக்கலாமா? பூசும் மருந்து பரவாயில்லையா?

மறுமொழி: மருந்தாளர்

ஈரல் நோய் இல்லையென்றால் பனடோல் கொடுக்கலாம். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் கொடுங்கள். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் எவருக்கும் கூடாது, மெலிந்த முதியவருக்கு அதிலும் குறைவாகவே வைத்தியர் சொல்வார். பனடோலில் உள்ள பரசிற்றமோல் தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இருப்பதால் அதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டைக்குளோபினாக் களிம்பிலிருந்து இரத்தத்தில் சேர்வது குளிசையை விட மிகக் குறைவுதான். ஆயினும் கிரியேட்டினின் முடிவு வரும்வரை அதையும் பூச வேண்டாம்.