மறு: கருமுட்டை வெளியேற்றமா, வெளிவரலா, விடுபடலா?

அன்புடையீர், வணக்கம்.

மொரிசியசில் எங்கள் ரோஸ்ஹில் பெண்கள் வட்டத்துக்காக எழுதிவரும் உடல்நலக் கையேட்டில் ஓவுலேஷனுக்கு, அதாவது சூலகத்திலிருந்து முட்டை பிரிவதற்கு, எச்சொல்லை ஆள்வது என்று நான் கேட்டதற்குக் கோவையிலிருந்து ஐயா ‘அண்ட வெளியேற்றம்’ என்றும், யாழ்ப்பாணத்து மருத்துவர் அம்மா ‘சூல் வெளியேற்றம்’ என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் வரைவில் சேர்த்துச் சென்ற சனிக்கிழமை பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டினேன்.

அண்டம் என்பது பிரபஞ்சத்தையும் சித்த மருத்துவத்தில் ஆணின் விதையையும் குறிப்பதால் அதை விட்டுவிடலாம். சூல் தாவரவியலில் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ‘நிறைசூல்’, ‘சூல்கொண்ட மேகம்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது கர்ப்பத்தையே குறிக்கும். ‘சூல் வெளியேறும் நாள்’ என்று நான் வாசித்ததும், இருமுறை கரு கலைந்து மறுபடியும் குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒருவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அதன்பின் அந்தச் சொல்லை அச்சிட எனக்கு மனம் வரவில்லை.

‘வெளி’ என்ற பகுதியும் இடறுகிறது. ‘கருமுட்டை வெளிவரல்’ என்று மாற்றியபோது, வயதில் மூத்த அக்கா ஒருவர், “அது வரும்போது கண்ணுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள அந்த முட்டை சூலகத்தை விட்டுக் கருக்குழாய்க்குள்தான் போகிறது. உடலை விட்டு வெளியே வருவதில்லை. ஆகவே ‘கருமுட்டை விடுபடல்’ என்பதை முன்வைக்கிறேன். ‘விடுபட்ட’ என்றால் தவறிப்போன என்றும் பொருள்படும் என்பதால், அதைச் சுருக்கி ‘விடுபட்ட நாள்’ என்று எழுதினால் மாதவிடாய் தள்ளிப்போன நாளாகிவிடும். சுருக்கமாக வேண்டிய இடத்தில் ‘முட்டை நாள்’ என்று எழுதலாம் என்றால், சத்துணவில் வளர்ந்த தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முட்டை விடுபட்டதை அறியக் காலையில் பார்க்கும் வெப்பத்துக்கு, ‘அடித்தள உடல் வெப்பநிலை’ என்பதைவிட ‘விழிப்பு வெப்பநிலை’ எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 1963-இல் இங்கே தோன்றிய ‘அக்சியோன் ஃபமிலியால்’ அமைப்பு வெப்பநிலை குறிக்கும் முறையைப் பரப்பியதால், எங்கள் அம்மாக்கள் சிலர் சொல் தெரியாமலே இதைச் செய்திருக்கிறார்கள். என் பெரியம்மா விடியலில் படுக்கையை விட்டு எழாமல், ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல், வெப்பமானியை நாவின் கீழ் வைத்துப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் 36.4, 36.4, 36.7 என்று பென்சிலால் புள்ளி வைப்பார். முட்டை விடுபட்டபின் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீர் சுரப்பதால் வெப்பம் 0.2 முதல் 0.5 பாகை வரை ஏறி, அடுத்த மாதவிடாய் வரை பெரும்பாலும் அப்படியே நிற்கும். நடந்து முடிந்ததைத்தான் அந்தத் தாள் காட்டுகிறது என்பதால் அதைக் ‘கணிப்பு’ என்பது பிழை. ‘கண்காணிப்பு’ என்றால் பிறர் வேவு பார்ப்பதுபோல் இருக்கிறது. ‘முட்டைநாள் கவனிப்பு’ போதும். முட்டை விடுபடத் தூண்டும் எல்எச் என்ற இயக்குநீரின் சுரப்பு திடீரென உயர்வதைச் சிறுநீரில் காட்டும் பட்டைதான் 24 முதல் 36 மணிநேரம் முன்னதாகவே அறிவிப்பது. அதற்கு வேண்டுமானால் ‘முன்னறி பட்டை’ எனலாம்.

கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களுக்கு ‘வளமான சாளரம்’ என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை. விந்தணு 5 நாள் வரை உயிருடன் இருக்கும், முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதால் கிடைக்கும் ஏறத்தாழ ஆறு நாட்களே அது. தொல்காப்பியக் கற்பியல் இதைப் ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ (பூப்பை ஒட்டிக் கணவன் பிரிந்திருக்கக் கூடாத பன்னிரண்டு நாள்) என்று நாளாகவே எண்ணியது. சாளரம் எதுவும் திறக்கவில்லை. அந்தப் பன்னிரண்டை எங்கிருந்து தொடங்குவது என்பது இங்கே முக்கியம்: 28 நாள் சுழற்சியில் முதல் நாள் உதிரத்திலிருந்து எண்ணினால் முட்டை நாளுக்கு முன்பே எண்ணிக்கை முடிந்துவிடும், உதிரம் நின்றபின் எண்ணினால் அந்த ஆறு நாட்களும் உள்ளே அடங்கும். ‘கருக்கூடும் நாட்கள்’ என்பது என் முன்மொழிவு. சேர்வதையும் நிகழலாம் என்பதையும் ‘கூடும்’ ஒருசேரச் சொல்கிறது. உறுதியான வாக்கும் கொடுப்பதில்லை.

எனக்குச் சிக்காமல் இருப்பது ஒரே ஒரு சொல். முட்டை நாள் நெருங்கும்போது கருப்பைவாயில் சுரந்து, இரு விரலிடையே நூல்போல் இழுபடும் அந்தத் தெளிந்த கசிவைப் பிரெஞ்சில் ‘கிளேர்’ என்பார்கள். சமைக்காத முட்டையின் வெள்ளைப் பகுதிக்கும் அதே பெயர் என்பதால் இங்குள்ளவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை. தமிழில் ‘சளி’ என்றால் தடுமனாகிவிடுகிறது, ‘சீதம்’ வயிற்றுப்போக்கை நினைவூட்டுகிறது, ‘வெள்ளைப்படுதல்’ நோயாகவே காதில் விழுகிறது; ‘வெண்கரு’ என்றாலோ மறுபடியும் கரு வந்து நிற்கிறது. இப்போதைக்கு ‘இழைநீர்’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அம்மா, உங்கள் பக்கத்துப் பேச்சில் இதற்கு ஏதேனும் சொல் உண்டா?

அன்புடன்,
ரோஸ்ஹில், மொரிசியசிலிருந்து